எர்ம் ஆறு எத்தனை மணிக்கு வற்றும்?

அறை பிடித்து, பெட்டிகளை ஊருக்கு ஊர் வேனில் அனுப்பி, கையில் ஒரு வழிக்குறிப்புப் புத்தகமும் கொடுத்து எங்களை இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் கடற்கரையில் நடக்கவிட்ட நிறுவனத்தாருக்கு வணக்கம்.

உங்கள் பெயரை இங்கே போடவில்லை. போடாமலே உங்களுக்குத் தெரியும். மே மாதம் டார்ட்மவுத்திலிருந்து பிளிமத் வரை ஐந்து நாள் நடைக்குப் பணம் கட்டிய அக்காவும் தங்கையும் நாங்கள். நான்காம் நாள் நடந்ததைப் பற்றி மூன்று மின்னஞ்சல் எழுதியாயிற்று. மூன்றுக்கும் ஒரே பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். ஆங்கிலத்தில் எழுதி எட்டவில்லை, சரி, தமிழில் எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் படிக்காவிட்டாலும், அடுத்து உங்களிடம் பணம் கட்டப்போகும் எங்கள் ஆட்கள் படிப்பார்கள்.

கேட்பது ஒன்றே ஒன்று. எர்ம் ஆற்றைக் கடக்கும் நாளுக்கான பக்கத்தில், முதல் வரியில், கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் அந்த ஆறு, நடப்பவர் போகும் தேதிக்கு எத்தனை மணிக்கு வற்றும் என்று அச்சிடுங்கள்.

அந்த இடத்தின் சங்கதி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் நடந்த வழியில் டார்ட் ஆற்றுக்குப் படகு உண்டு, சால்கோம் ஊரில் படகு உண்டு, ஏவன், யெல்ம் ஆறுகளுக்கும் உண்டு. எர்முக்கு மட்டும் கிடையாது. பக்கத்தில் பாலமும் இல்லை. வான்வெல் பக்கத்துச் சரிவில் பாதை நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, எதிரே மதிகோம் கரையில் ஏறுகிறது. கடல் நன்றாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் ஒரு மணி பின்னும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து கடக்கலாம். மற்ற நேரத்தில் அது கடல்.

நாங்கள் பிக்பரியில் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து (எட்டரைக்கு முன்னால் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்களாம்) ஒன்பதரைக்குக் கிளம்பினோம். தூரம் ஐந்து மைல்தான். ஆனால் ஒவ்வொரு சிறு கடற்கரைக்கும் இறங்கி, உடனே ஏறி, மறுபடி இறங்கி, அக்காவின் முழங்கால் முனகத் தொடங்கிவிட்டது. அவளுக்கு வயது 61. தூத்துக்குடியிலிருந்து இதற்காகவே வந்தவள். வான்வெல் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நாற்பது. கடைசி மரத்தைத் தாண்டிப் பார்த்தால், கரையிலிருந்து கரைவரை பச்சைத் தண்ணீர், அசையாமல், தட்டு நிறைய ஊற்றிய மாதிரி. அந்தச் சரிவின் கல்லெல்லாம் தண்ணீருக்கு அடியில். எதிர்க்கரை கூப்பிடு தூரம். அங்கே ஒரு பெண் தன் குழந்தைக்கு ஐஸ்கிரீம் ஊட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவ்வளவு பக்கம்.

நாயோடு வந்த ஒரு பெரியவர் எங்கள் ஷூவைப் பார்த்தார், முதுகுப்பையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். காலை ஆறே முக்காலுக்கு வற்றிவிட்டது, இனி சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் என்றார். அதுவரை காத்திருக்கலாம்தான். ஆனால் அக்கரையிலிருந்து, அன்றிரவு தங்க வேண்டிய நாஸ் மேயோவுக்கு இன்னும் ஒன்பது மைல். எங்கள் பெட்டிகள் அந்நேரம் அங்கே சுகமாகப் போய் இறங்கியிருக்கும். சாலை வழியாகச் சுற்றினால் எட்டு ஒன்பது மைல், அதுவும் அக்கரைக்கு வருவதற்கு மட்டும். கைபேசியில் சிக்னல் இல்லை. திரும்பி மேடேறி கிங்ஸ்டன் கிராமத்துக்கு நடந்தோம். டெவன் சந்துச் சாலைகளை நீங்கள் காரில் மட்டும்தான் பார்த்திருப்பீர்கள் போலிருக்கிறது. இரண்டு பக்கமும் ஆளுயர வேலிமேடு, நடைமேடை கிடையாது. கார் வந்தால் முதுகை வேலியில் ஒட்டி நிற்க வேண்டும். அப்படி நின்றதில் அக்காவின் முழங்கையெல்லாம் காஞ்சொறி. ஊர் மதுக்கடையில் எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்துவிட்டு டாக்ஸிக்குச் சொன்னேன். 55 பவுண்டு. நாங்கள் இத்தனை தூரம் வந்தது நடக்க. மிச்சமிருந்த ஒன்பது மைலும் போயிற்று.

உங்கள் புத்தகத்தில் எர்மைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். 31ஆம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: கடக்கும் முன் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளவும். அதே புத்தகத்தில் ஸ்கோன் என்ற தேநீர்ப் பலகாரத்துக்கு மேல் முதலில் ஜாம் தடவுவதா கிரீம் தடவுவதா என்று டெவன்காரர்களும் கார்ன்வால்காரர்களும் போடும் சண்டைக்கு முக்கால் பக்கம். பர்க் தீவு ஹோட்டலில் அகதா கிறிஸ்டி தங்கிய கதைக்கு வண்ணப்படத்தோடு ஒரு பக்கம். எங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டது ஒன்றரை வரி.

சரி, பார்த்திருக்க வேண்டியது நாங்கள்தானே என்பீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் கடலை அறியாதவர்கள் இல்லை. எங்கள் ஊர்க் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. பிளிமத் பக்கம் அது நாலு மீட்டருக்கு மேல் போகும் என்பது தூத்துக்குடிக்காரிக்கு எப்படித் தோன்றும்? கொஞ்சம் முழங்கால் நனையும் என்றுதான் நினைத்தோம்.

இதில் ஒரு வேடிக்கை. அன்றைக்குக் காலையிலேயே அக்கா கைபேசியில் தினசரி காலண்டரைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு அஷ்டமி, புறப்பட வேண்டாம் என்றாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால், அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நடுப்பகலில் வற்றுகிறது. அஷ்டமியை ஒட்டினால் அதிகாலையிலும் அந்தியிலும். ஒரு வாரம் முன்னோ பின்னோ வந்திருந்தால் மத்தியானம் காலை நனைத்துக்கொண்டு போயிருக்கலாம். எங்கள் வீட்டு ராக்கெட் காலத்து நாத்திகியான நான் இப்போது அக்காவிடம் வாயைத் திறப்பதில்லை.

காலண்டர்த் தாளுக்குத் தெரிந்தது உங்கள் அலுவலகத்துக்குத் தெரியாதா? தேதியைக் குறித்தது நீங்கள். எந்த ராத்திரி எந்த ஊர் என்று முடிவு செய்தது நீங்கள். அறைக்கு முன்பணம் கட்டியது நீங்கள். அட்டவணையோ வருடம் முழுவதற்கும் முன்கூட்டியே கிடைக்கிறது. ஏவன் ஆற்றைக் கடக்கும் பேன்தம் படகு பிற்பகலில் ஒரு மணி நேரம்தான் ஓடும் என்பதை மூன்றாம் நாள் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதை நம்பி ஓடி, பிடித்தும் விட்டோம். நன்றி. படகுக்காரரின் நேரத்தை அச்சிடத் தெரிந்த கைக்கு நிலாவின் நேரம் மட்டும் ஏன் வரவில்லை?

வழிகாட்டி இல்லாமல் தானாக நடக்கும் விடுமுறை இது, பொறுப்பு நடப்பவருடையது என்று உங்கள் நிபந்தனைகளில் இருக்கிறதாம். வழிகாட்டி வேண்டாம் என்றுதான் சொன்னோம். வழியே வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள், ஹால்சேண்ட்ஸ் என்ற அழிந்துபோன மீனவர் ஊருக்கு மேலே மேட்டில் நின்றபோது அக்கா வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளிமத்தில் கடற்படைத் தளத்தைப் பெரிதாக்க 1897இலிருந்து ஊருக்கு முன்னால் கடலடிக் கூழாங்கல்லை வாரினார்கள். வேண்டாம், கரை போய்விடும் என்று மீனவர்கள் முட்டிக்கொண்டார்கள். 1917 ஜனவரிப் புயலில் ஊரே போனது. கரையில் இருக்கிறவன் பேச்சைக் கேட்காமல் இருப்பது அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம் போல. (சைவம் என்று எழுதிக் கொடுத்ததற்கு ஐந்து நாளும் சீஸ் சாண்ட்விச்சே வந்ததையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஒரு நாளாவது உள்ளே ஒரு தக்காளித் துண்டு வைத்திருக்கலாம்.)

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். கோபமாக முடிக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் வேன்காரர் நல்ல மனிதர், பெட்டி ஒரு நாளும் தவறவில்லை. டாக்ஸிக் காசைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. அன்புகூர்ந்து அந்த ஒரு வரியைப் போடுங்கள். தேதி, வற்றும் மணி, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி. நடுப்பகலில் வற்றாத நாளென்றால், பணம் வாங்குமுன் அதையும் சொல்லிவிடுங்கள்.

அக்கா அடுத்த மே மாதம் மறுபடி வருகிறாள். விட்டுப்போன ஒன்பது மைலை நடந்தே தீருவாளாம். இந்தத் தடவை தேதியை அவளே குறித்துவிட்டாள், பௌர்ணமியை ஒட்டி. பதிவு உங்களிடமா வேறு இடத்திலா என்பது உங்கள் பதிலைப் பொறுத்தது.

இப்படிக்கு,
தூத்துக்குடியில் பிறந்து ஈஸ்ட்ஹாமில் குடியிருக்கும் உங்கள் வாடிக்கையாளர்