மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில், இரைப்பைக் கிருமியின் மரபணுவைப் படித்து, அது எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை பற்றி முக்கால் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். வெட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரி: ‘தோட்டப்புற மக்கள் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவதால்தான் இக்கிருமிகள் எதிர்ப்பு பெறுகின்றன.’ என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “நம்மளத்தான் சொல்றாங்க போல” என்றாள். அப்புறம் கோப்பி கலக்கப் போய்விட்டாள்.

ஐயா, நான் ரப்பர் தோட்டத்தில் 31 ஆண்டுகள் செக்ரோல் கிராணியாக (வருகைப் பதிவு எழுதுபவனாக) இருந்தவன். விடியுமுன் பிரட்டில் (வேலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடும் இடத்தில்) நின்று யார் வந்தார், யார் வரவில்லை என்று பேர் போட்டே காலம் போனது. ஒரு பேர் விட்டுப்போனால் ஒரு வீட்டில் ஒரு நாள் சம்பளம் போச்சு. அதனால் எதையும் எழுதி வைக்காமல் எனக்கு ஓடாது. போன வருடம் ஊதிப் பார்க்கும் சோதனையில் என் மனைவிக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்கிற அந்த இரைப்பைக் கிருமி இருப்பது தெரிந்ததும் 14 நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒமிப்ரசோல், அமோக்சிசிலின், கிளாரித்ரோமைசின், காலையும் இரவும். ரப்பர்ப் பால் எடை எழுதிய பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கத்தில் கட்டம் போட்டேன். 28 கட்டம், 28 டிக். ஒன்பதாம் நாள், வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியை நக்கினாற்போல் கசக்கிறது என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்து விழுங்க வைத்தேன். வெறும் மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் அனுப்பி வைக்கிறேன், தபால் செலவு என்னுடையது.

மருந்து முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் விட்டு மறுபடி ஊதினாள். கிருமி அப்படியே இருந்தது. இரண்டாம் சுற்று நான்கு மருந்து, பிஸ்மத்தும் சேர்த்து. அது மலத்தைக் கறுப்பாக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ரத்தம் என்று நினைத்து, கழிவறையிலிருந்து என்னைக் கூப்பிட்டு அழுதாள். அந்தச் சுற்றிலும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. கிருமி மட்டும் போகவில்லை.

சரி, பாதியில் நிறுத்தவில்லை. பிறகு ஏன் கேட்கவில்லை? உங்களுக்குத் தெரியாததில்லை, நீங்களே போட்ட கட்டுரைதான். ஆனாலும் எனக்குப் புரிய வைத்தது ஆய்வகப் படிப்பு படிக்கும் என் பேத்தி. இந்தக் கிருமியின் மரபணுவில் ஏறத்தாழ 16 லட்சம் எழுத்துகள். 1997இலேயே முழுவதையும் படித்துவிட்டார்களாம். அதில் 23எஸ் என்கிற பகுதியில் 2143ஆம் இடத்தில் ‘ஏ’ இருக்க வேண்டும். அது ‘ஜி’ என்று மாறினால் போதும், கிளாரித்ரோமைசின் போய்ப் பிடித்துக்கொள்ள இடமில்லை. எனக்கு உடனே ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்கு ஞாபகம் வந்தது. மரத்தில் மங்கு வைக்கிற கம்பி கொஞ்சம் கோணினாலும் மங்கு உட்காராது, பால் தரையில்தான் சொட்டும். அந்தக் கம்பி கோணியிருக்கிறதா என்று மருந்து கொடுக்கும் முன்பே பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. எல்லா மருந்துக்கும் ஒரே மாதிரி அடித்துச் சொல்ல முடியாது, மெட்ரோனிடசோலுக்கு இன்னும் தடுமாற்றம்தான் என்றும் பேத்தி சொன்னாள். உங்கள் கட்டுரையில் அது இல்லை. போகட்டும்.

கம்பியைக் கோண வைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றி, சாகும்வரை வயிற்றில் குடியிருப்பது. அத்தனை வருடம் இருமலுக்கும் சளிக்கும் கொடுத்த மருந்தெல்லாம் அதன் மேலும் பட்டிருக்கிறது. எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம். அன்று தோட்ட நிர்வாகம் எங்களுக்குப் பேசி வைத்திருந்த பேனல் கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) சளி என்று போனாலே சின்னப் பிளாஸ்டிக் பையில் மூன்று நாள் மாத்திரை. பையின் மேல் ‘ஆன்டிபயோட்டிக்’ என்று மட்டும் பேனாவால் எழுதியிருக்கும். என்ன மருந்து என்று இருக்காது. முழுக் கோர்ஸ் என்ற வார்த்தையையே நாங்கள் அங்கே கேட்டதில்லை. கொடுத்த கை பாதிதான் கொடுத்தது. குடித்த வாய் எப்படி முழுதாகக் குடிக்கும்?

2017இல் உலக சுகாதார நிறுவனம் புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகள் என்று ஒரு பட்டியல் போட்டது. கிளாரித்ரோமைசினுக்கு மசியாத பைலோரியும் அதில் இருந்தது. ஜப்பானிலும் இத்தாலியிலும் இதே தலைவலிதான். அங்கே எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்கள் என்று கட்டுரையாளர் விசாரித்துச் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

நம் மலேசியாவில் இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு, கிளந்தானில் மிகவும் குறைவு என்று ஆய்வுகள் பல வருடமாகச் சொல்கின்றன. கிளந்தான் கிராமத்திலும் கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தார்கள். சுத்தம் மட்டும்தான் காரணம் என்றால் இந்தக் கணக்கு எப்படி உதைக்கிறது? இதை எழுத உங்களுக்கு இடம் இல்லை. எங்களைத் திட்ட ஒரு வரி இடம் இருந்தது.

வருத்தத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். இதே பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு முன் ‘அல்சருக்குக் காரமும் கவலையுமே காரணம்’ என்று எழுதினீர்கள். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற டாக்டர் 1984இல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்து காட்டி, 2005இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். எங்கள் சம்பாலின் மேல் உங்களுக்கு இன்னும் சந்தேகம். படம் போடும்போதும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசற்படியில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி. லயத்தை இடித்து, செம்பனை நட்டு, அதையும் விற்று, நாங்கள் வீடமைப்புக்கு வந்து எத்தனை வருடமாகிறது! எங்கள் சுங்கை சிப்புட்டை, ஜூன் மாதம் வந்தால் 1948இல் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட ஊர் என்பீர்கள், தேர்தல் வந்தால் அந்தக் கால அமைச்சர் துன் சம்பந்தனின் தொகுதி என்பீர்கள். நடுவில் எங்களுக்கு வயிறு வலித்தால் குற்றவாளி.

என் மனைவிக்கு அடுத்த மாதம் மறுபடி தேதி கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது சுற்றாக இருக்கலாம். கிருமியை வளர்த்துப் பார்த்து மருந்து தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்டேன். அது காற்றுப் பட்டாலே சாகிற ஜாதி, வளரவே நாள் கணக்கில் ஆகும், பல சமயம் வளர்வதும் இல்லை என்று அந்த இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் முதல் தடவை குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த துண்டு, மெழுகுக் கட்டிக்குள் ஆஸ்பத்திரியில் எங்கோ இருக்கிறது. மெழுகில் வைத்த துண்டிலிருந்தும் மரபணுவைப் படிக்கலாம், மலத்திலிருந்துகூட முடியும் என்கிறாள் பேத்தி. அப்படியானால் யாரிடம் கேட்பது? எந்தக் கவுண்டரில்? என்ன பாரம்? எவ்வளவு வெள்ளி? முக்கால் பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டுதான். வரும் ஞாயிறு அந்த வரியைத் திருத்திப் போடுங்கள், சின்ன எழுத்தில் என்றாலும் பரவாயில்லை. அப்புறம், இந்தப் பரிசோதனைக்கு நம் நாட்டில் நோயாளி எங்கே கேட்க வேண்டும் என்று உங்கள் நிருபரை விசாரிக்கச் சொல்லி நான்கு வரி போடுங்கள். என் மனைவியின் தேதிக்கு முன் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.

பி.கு.: என் கடிதம் இதற்கு முன் ஒரே ஒரு முறை வந்தது, பஸ் நேரம் பற்றி. அதில் ஊரைச் சுங்கை பூலோ என்று போட்டுவிட்டீர்கள். இந்த முறை பார்த்துப் போடவும்.