காசு கொடுத்துத் தரையில் படுத்த கதை

மெல்பர்ன்
ஜனவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

"காசு குடுத்துத் தரையில படுக்கவாட்டி அவ்வளவு தூரம் போன?" என்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் குக்கர் விசில் அடித்தது, ஓடிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

மெல்பர்னிலிருந்து அடிலெய்டுக்கு நேர் ரோட்டில் 730 கிலோமீட்டர் சொச்சம். ஒரே பகலில் போய்விடலாம். நாங்கள் கடலோரமாகச் சுற்றி ஐந்து நாளில் போனோம். ராத்தங்கல் எல்லாம் கேம்ப் கிரவுண்டில். காடு என்று நினைத்துப் பயப்படாதே. புல்தரையில் நம்பர் போட்டு இடம் பிரித்துக் கொடுப்பார்கள். காரை நிறுத்தி, பக்கத்திலேயே கூடாரம் அடித்துக்கொள்ளலாம். பொதுச் சமையற்கட்டு உண்டு, குளியலறையில் வெந்நீர் வரும். வாடகையை மட்டும் ரூபாயில் சொல்ல மாட்டேன், உனக்குப் படபடப்பு வந்துவிடும். ஆனால் ஒன்று. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனபோது ஆத்தூரில் ரோட்டோரம் துண்டை விரித்துப் படுத்தோமே, அன்றைக்கு முதலில் குறட்டை விட்டது யார்?

முதல் ராத்திரிதான் மானம் போனது. முளை அடிக்கச் சுத்தியல் கொண்டுபோகவில்லை. உன் மருமகன் ஷூவால் தட்டி வைத்தார். நடுராத்திரி கடல்காற்று ஒரு பக்கத்தை அப்படியே தூக்கிவிட்டது. பக்கத்து இடத்துப் பாட்டி ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் ரப்பர் சுத்தியலுமாக வந்தார். முளையை நேராக அடிக்கக் கூடாதாம், கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் தலை சாயும்படி அடிக்க வேண்டுமாம். எழுபது வயதிருக்கும். வீட்டை விற்றுக் கேரவன் வாங்கி, புருஷனும் பெண்டாட்டியுமாக மூன்று வருஷமாக ஊர் ஊராகப் போகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இங்கே நரைத்த நாடோடிகள் என்றே பெயர். திட்டாதே, அவர்கள் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான்.

அந்தக் கடலோர ரோடு, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போட்டது. ஒரே வளைவு. சின்னவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

இங்கே கோடையில் ராத்திரி எட்டே முக்காலுக்குத்தான் பொழுது சாயும். அதனால் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக ஊர் பார்க்கக் கிளம்புவோம். பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று கடலுக்குள் பெரிய பெரிய சுண்ணாம்புக்கல் தூண்கள் நிற்கின்றன. பேர்தான் பன்னிரண்டு, ஒருநாளும் அத்தனை இருந்ததில்லையாம். இருந்ததிலும் ஒன்று 2005இல் சரிந்து விழுந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு பாறைப் பாலம். 1990இல் நடுவே இடிந்து, அந்தப் பக்கம் போயிருந்த இரண்டு பேரை ஹெலிகாப்டர் வைத்து மீட்டார்களாம். இருட்டும் நேரத்தில் கீழே மணலில் என்னவோ ஊர்ந்தது. நண்டு என்று நினைத்தேன். எல்லாம் பென்குயின்! ஒரு அடி உயரம்தான். கூட்டமாக நாலெட்டு நடப்பதும், நிற்பதும், மறுபடி நடப்பதுமாக, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் தயங்குவது மாதிரி.

அடிலெய்டு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் பழம் கொண்டுபோகக் கூடாது, பழ ஈ பரவிவிடும் என்று. தூக்கிப் போட மனசு வருமா? எல்லைக்கு முன்னால் காரை ஓரங்கட்டி, ஒன்பது ஆரஞ்சையும் மூன்று பேரும் தின்று தீர்த்தோம். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை அரைமணி பின்னால் தள்ள வேண்டும். ஒரே நாட்டுக்குள் அரைமணி வித்தியாசம், என்ன கணக்கோ!

மவுன்ட் கேம்பியரில் குகையின் கூரை இடிந்து உண்டான பெரும் பள்ளம் ஒன்று. உள்ளே தோட்டம் போட்டிருக்கிறார்கள். இருட்டினதும் அங்கே பாசம் வரும். நம் பாசம் இல்லை, பூனை அளவில் ஒரு பிராணி. சின்னவள் கையிலிருந்தே ஒன்று ஆப்பிளை வாங்கித் தின்றது. (ஆப்பிள் அந்த ஊரில் வாங்கியதுதான்.)

கடைசி நாள் அடிலெய்டில் கிளெனெல்க் கடற்கரை. அங்கே சூரியன் கடலுக்குள் இறங்குகிறது, அம்மா. எனக்கு என்னவோ திசை தப்பின மாதிரியே இருந்தது. "ஆச்சி ஊர்ல கடல்லருந்துதான் வரும்" என்றேன். சின்னவள் நம்பவில்லை. நீயே போனில் சொல்.

கூடாரம் இப்போது கொடியில் கருவாடு மாதிரி காய்கிறது, உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது. அடுத்த கோடைக்கு நீ வந்தால் உனக்கும் அதில்தான் படுக்கை. இடுப்புக்குக் காற்று மெத்தை வாங்கியாயிற்று. சுத்தியலும்தான்.

அன்புடன்,
உன் மகள்