108 மருத்துவ உதவியாளர் தேர்வு: ஞாயிறு கூட்டம்

முன்னாள் மாணவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர நினைக்கும் நம் தம்பி தங்கைகளுக்காக, வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மேலூரில் நம் பள்ளியிலேயே கூடுகிறோம்.

1. இதுவரை வந்த அறிவிப்புகளில் வயது 19 முதல் 30 வரை.

2. பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். (இரண்டும் செவிலியர் படிப்புகள்), டி.எம்.எல்.டி. (ஆய்வக நுட்பப் பட்டயம்) அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பட்டம் வேண்டும். பிளஸ் 2 மட்டும் போதாது. ஆள் தேர்வு முகாம் வாசல் வரை போய்த் திரும்பும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை, அதனால் முன்பே சொல்லிவிடுங்கள்.

3. முதலில் எழுத்துத் தேர்வு. அப்புறம் உடற்கூறியல், முதலுதவி, அடிப்படை செவிலியர் பணி பற்றிய கேள்விகள். கடைசியில் மனிதவளத் துறை நேர்காணல். முதலுதவிப் பகுதியைத்தான் நன்றாகப் படிக்க வேண்டும். நம் குழுவின் செவிலியர் அக்காக்கள் ஞாயிறன்று அதையே சொல்லித் தருவார்கள்.

4. முகாமுக்குப் போகும்போது அசல் சான்றிதழ்களோடு நகலும் கொண்டு போகவும்.

5. பிளஸ் 2 படிப்பவர்களும் ஞாயிறு கூட்டத்துக்கு வரலாம். துணை மருத்துவப் பட்டப்படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவரை பிளஸ் 2 மதிப்பெண்தான் பார்த்தார்கள். மதுரை மருத்துவக் கல்லூரியிலும் இப்படிப்புகள் உண்டு.

வேலை வாங்கித் தருவதாக யார் பணம் கேட்டாலும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

வருபவர் பெயர், படிப்பு இரண்டையும் வெள்ளி மாலைக்குள் இங்கே பதிவிடவும்.