அப்பா வீட்டுக் கதையையும் கேளுங்கள், டாக்டர்

முதல் முறை வரும் பெண்களிடம் கேள்வித்தாளை நீட்டும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். 31 வயதில் அப்படி ஒரு தாளை நானும் நிரப்பினேன். "அம்மாவுக்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா?" என்று ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் என் அத்தைக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டி சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். இதையெல்லாம் எழுத அந்தத் தாளில் இடமில்லை, யாரும் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. ஆறு வருடம் கழித்து அத்தை மகளுக்கும் நோய் வந்து, அவளுக்கு மரபணுப் பரிசோதனை செய்த பிறகுதான் எங்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிஆர்சிஏ1 மரபணுவில் அவளுக்கு இருந்த அதே மாற்றம் எனக்கும் இருந்தது.

அந்த மரபணு 1994-லேயே கண்டறியப்பட்டது. அதில் தீங்கான மாற்றம் உள்ள 100 பெண்களில் ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரலாம். அம்மாவிடம் இருந்தாலும் சரி, அப்பாவிடம் இருந்தாலும் சரி, பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்பாவுக்கு நோய் வராமலே போகலாம். ஆனால் மகளுக்குக் கொடுத்துவிடக்கூடும். என் அப்பா அப்படித்தான், எதுவும் தெரியாமலே கொடுத்தார். ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்தை மதிப்பிட இன்றும் பலர் பயன்படுத்தும் கெய்ல் கணக்கீடு, உறவுகளில் தாய், சகோதரி, மகள் ஆகியோரை மட்டுமே பார்க்கிறது. டைரர்-கியூசிக் முறை அத்தையையும் பாட்டியையும் சேர்த்துக்கொள்கிறது. எதைப் பயன்படுத்தினாலும், கேட்காத உறவு கணக்கில் வராது.

ஆகவே இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். யாருக்கு, எந்த வயதில் என்று கேளுங்கள். இதே மரபணு மாற்றத்தால் வரக்கூடிய சினைப்பைப் புற்றுநோயைத் தனியாகக் கேளுங்கள். ஆண்களில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா என்றும் கேளுங்கள். இளம் வயதில் நெஞ்சில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. மரபுவழி வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான். நோய் வந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதும் தவிர வேறு காரணம் எதுவும் தெரிவதில்லை. "குடும்பத்தில் யாருக்கும் இல்லையே, கவலை வேண்டாம்" என்று தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள்.

ஆபத்தைச் சொல்லும்போது எண்ணையும் முழுதாகச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றபின் எடுக்கும் கூட்டு ஹார்மோன் சிகிச்சையால் ஆபத்து 26 சதவீதம் கூடுகிறது என்று 2002-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னபோது பலர் நடுங்கிப்போனார்கள். வருடத்துக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்தது 38 ஆனது என்பதே அதன் பொருள். இப்படிச் சொன்னால் பயமும் அலட்சியமும் இல்லாமல் முடிவெடுக்க எங்களால் முடியும்.

நான் இப்போது வருடம் தவறாமல் எம்ஆர்ஐ எடுத்துக்கொள்கிறேன். என் தம்பிக்கும் அதே மாற்றம் இருக்கிறது. அவன் மகளுக்கு 16 வயது. சில வருடங்களில் உங்களில் ஒருவர் முன்னால் வந்து உட்காருவாள். அந்தத் தாளில் அம்மாவுக்கும் இல்லை, சகோதரிக்கும் இல்லை என்று அவளும் உண்மையைத்தான் எழுதுவாள்.

இப்படிக்கு,
அவளுடைய அத்தை