நனைந்த பலகை காய வேண்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அஸ்திவாரம் முடிந்து மரச்சட்டம் எழும்பிவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எத்தனை வருஷம் வாடகை வீடு மாறி மாறி அலைந்தாய்! இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஏணி மட்டும் ஏறக்கூடாதாம். மகள் புது வேலைக்குப் போகிறாள், அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் சுவருக்குத்தான்.

சட்டத்துக்கு வெளிப்பக்கம் அடிக்கிற ஷீத்திங் பலகை எது நல்லது, பிளைவுட்டா, மரச்சீவல் பலகையான ஓ.எஸ்.பி.யா, இல்லை ஃபோம் பலகை மட்டும் போதுமா என்று கேட்டிருந்தாய். கல்லூரி நாளில் நாம் இருவரும் கட்டிய அந்தக் கொட்டகை நினைவிருக்கிறதா? நாலு பக்கமும் கட்டைகளை நிறுத்தி ஆணி அடித்துவிட்டோம். ஒரு மூலையைத் தள்ளினால் கொட்டகை முழுக்கச் சாய்ந்தது. நீ ஒரு பலகையைக் குறுக்காக, மூலைக்கு மூலை வைத்து அடித்தாய். அவ்வளவுதான், அசையவே இல்லை. ஷீத்திங்கின் முதல் வேலை அதுதான். பெரிய பலகைகள் பரவுவதற்கு முன்னால் வீடு கட்டியவர்கள் சாதாரணப் பலகைகளைச் சட்டத்தின் மேல் சாய்வாக அடித்ததும் இதற்காகத்தான். பிளைவுட்டும் ஓ.எஸ்.பி.யும் அந்த வேலையைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் செய்யும். ஃபோம் செய்யாது. அதை மட்டும் போட்டால் இரும்புப் பட்டையோ சாய்வுக் கட்டையோ கொடுத்துச் சுவர் சாயாமல் தனியாக நிறுத்த வேண்டும். அதனால் ஃபோம் மட்டும் என்ற யோசனையை விட்டுவிடு.

மீதி இரண்டில் எது என்பதற்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உன்னிடம் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை.

நான் போட்டது 11 மி.மீ. ஓ.எஸ்.பி. மூன்று மழைக்காலம் கழித்து ஒரு ஜன்னலுக்குக் கீழே, உள்பக்கச் சுவர் மூலையில் பூஞ்சை நாற்றம் வந்தது. மழையும் வெயிலும் படுகிற வெளி உறையைக் கழற்றிப் பார்த்தால் ஜன்னலின் கீழ் மூலையில் பலகை கறுத்து உப்பி, கையால் பிய்த்தாலே உதிர்ந்தது. அன்று எனக்கு வந்த கோபமெல்லாம் ஓ.எஸ்.பி. மேல்தான். ஆனால் இரண்டு மீட்டர் தள்ளி அதே பலகை, அதே மழை, நேற்று அடித்தது போல இருந்தது! உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. ஜன்னலின் தலைப்பில் தண்ணீரைத் திருப்பிவிடும் ஃப்ளாஷிங் தகட்டை, பலகையின் மேல் போர்த்தும் மெல்லிய மழைத்தடுப்பு உறைக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். கூரையில் ஓடு அடுக்குவதை நினைத்துக்கொள்: மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் படிய வேண்டும். என் வீட்டில் அது தலைகீழ். உறை மேல் வழிந்து வந்த தண்ணீர் நேராகத் தகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. ஜன்னலுக்கு அடியில் தண்ணீரை வெளியே திருப்பும் தட்டும் இல்லை. போன தண்ணீர் காயவும் வழியில்லை. உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட், வெளிப்பக்கம் இடைவெளியே இல்லாமல் அழுந்திய வெளி உறை.

அதிலிருந்து எந்தப் பலகையைப் பார்த்தாலும் எனக்கு வருகிற முதல் கேள்வி, நனைந்தால் இது எந்தப் பக்கமாகக் காயும் என்பதுதான். நனையாத சுவர் இல்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பயமில்லை. அது ஏறி ஏறி 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் நின்றுவிட்டால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இந்தக் கணக்கில் பிளைவுட் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. ஈரம் ஏற ஏற அது நீராவியை அதிகமாக வெளியே விடும், தன்னைத் தானே காயவைத்துக்கொள்ளும். ஓ.எஸ்.பி.யும் விடும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இன்னொன்று, ஓ.எஸ்.பி. மரச்சீவல்களைப் பசை கலந்து அழுத்திச் செய்வது. தண்ணீர் குடித்தால் ஓரம் உப்பும். காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்கு முழுசாகத் திரும்பாது. ஆலையில் வெட்டிய ஓரத்துக்குப் பூச்சு இருக்கும். நீ ஜன்னலுக்காக அறுக்கிற ஓரத்துக்கு இருக்காது. ஜன்னல் மூலையில்தான் தண்ணீரும் வருகிறது என்பதைக் கவனி.

உன் பக்கம் குளிர் மாதங்கள் நீளம் என்பதால் பனிக்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் ஈரமான சூடான காற்று சின்னச் சின்ன ஓட்டை வழியாகச் சுவருக்குள் புகுந்து, குளிர்ந்திருக்கும் பலகையின் உள்முகத்தில் நீராகப் படியும். மழையே இல்லாமல் சுவர் நனைவது இப்படித்தான். பலகை இணைப்புகளுக்கு டேப் ஒட்டிக் காற்றை அடை. பலகைக்கு வெளியே குளிரைத் தடுக்கும் இன்சுலேஷன் ஒரு அடுக்கு போட்டால் பலகையே கதகதப்பாக இருக்கும், நீர் படியாது. ஃபோமுக்கு உண்மையான இடம் அங்கேதான். ஆனால் மெல்லிய ஃபோம் போடுவதைவிடப் போடாமலே இருக்கலாம். பலகையைச் சூடாக வைக்கவும் அதனால் முடியாது, வெளிப்பக்கம் காயவும் விடாது. போட்டால் குளிருக்கு ஏற்ற தடிமனில் போடு, உள்ளே பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். எனக்குப் பிடித்தது மினரல் உல் பலகை, கல்லை உருக்கிக் கம்பளி போல இழையாக்கிச் செய்வது. தண்ணீரை நிறுத்தி வைக்காது, நீராவியைத் தடுக்காது.

கண்ணாடி இழை முகம் வைத்த ஜிப்சம் பலகையையும் ஒருவர் சொன்னார் என்று எழுதியிருந்தாய். நெருப்புக்கு நல்லது, பக்கத்து வீடு ஒட்டி இருந்தால் யோசிக்கலாம். ஆணியைப் பிடிக்காது. உனக்குத் தேவைப்படாது.

ஆக, நான் உன் இடத்தில் இருந்தால் 12 மி.மீ. பிளைவுட், அதன் மேல் மழைத்தடுப்பு உறை, அதன் மேல் மினரல் உல், பிறகு செங்குத்தாகப் பட்டைக் கட்டை, கடைசியில் வெளி உறை. அந்தப் பட்டைக் கட்டை தருகிற 20 மி.மீ. காற்று இடைவெளிதான் சுவரின் மூச்சு. பணம் இழுக்கிறது என்றால் பிளைவுட்டை விட்டு ஓ.எஸ்.பி.க்குப் போ, நான் வருத்தப்பட மாட்டேன். அந்த இடைவெளியை மட்டும் விட்டுவிடாதே. வெளியே இன்சுலேஷன் என்று முடிவானால் ஜன்னல் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே தச்சரிடம் சொல்லிவிடு. சுவர் தடிமனாகிவிடும், ஜன்னல் எங்கே உட்கார வேண்டும் என்பதே மாறும்.

ஆணி அடிக்கிற நாளில் நீ அங்கே இரு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ. விடச் சொல், ஈரத்தில் விரிய இடம் வேண்டும். பொதுவாக ஓரத்தில் 150 மி.மீ.க்கு ஒன்று, நடுவில் 300 மி.மீ.க்கு ஒன்று என்று ஆணி அடிப்பார்கள். உன் வரைபடத்தில் இன்னும் நெருக்கமாகக் கேட்டிருந்தால் அதன்படி. காற்றழுத்தத் துப்பாக்கியை வேகமாக வைத்து அடித்தால் ஆணித்தலை பலகையின் மேல்முகத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக அடித்தது போலவே தெரியும், பிடிப்பு இருக்காது. தலை பலகையோடு சமமாக நிற்க வேண்டும். அப்புறம், பலகையின் கீழ் ஓரம் மண்ணிலிருந்து 20 செ.மீ.யாவது உயரத்தில் இருக்கட்டும்.

வெளி உறை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஜன்னலின் தலைப்பையும் கீழ் மூலைகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அவசரப்பட்டு மூடிவிடாதே. முடிந்தால் அந்த வாரமே கிளம்பி வருகிறேன், ஈரம் அளக்கும் மீட்டரையும் எடுத்து வருகிறேன். ஏணியில் நீ ஏறு, நான் கீழே நின்று எண்ணைக் குறித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கொட்டகைக் கூட்டாளி