பூஞ்சை முந்துவதற்குள் சிலைடுகளை ஸ்கேன் செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் போய்விட்டன. மரம் சீவியவர்களின் முகங்களும் மாரியம்மன் திருவிழாவும் சில வீடுகளில் சிலைடு (சிறு சட்டத்தில் பொருத்திய பிலிம் படம்) பெட்டிக்குள் மட்டுமே மிஞ்சியுள்ளன. படம் பதிந்துள்ள ஜெலட்டின் பூச்சை நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை தின்றுவருகிறது.

தாள் நகலெடுக்கும் ஸ்கேனர் இதற்கு உதவாது. மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் தேவை. சட்டம் 50 மி.மீ. சதுரம் என்றாலும் படம் 36க்கு 24 மி.மீ.தான். 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) எடுத்தால் ஏறத்தாழ 3400க்கு 2270 புள்ளிகள் கிடைக்கும். ஏ4 அச்சுக்குப் போதும்.

தூசியை ரப்பர் ஊதுபந்தால் மட்டும் நீக்குங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். பூஞ்சை பிடித்த படத்தில் தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை அரித்த ஜெலட்டின் நீரில் கரையும். படமும் அதோடு போய்விடும்.

கோடாக் நிறுவனத்தின் கோடாகுரோம் பிலிம் சிலைடு என்றால் ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசிநீக்கியை அணைத்துவிடுங்கள். அது படத்தின் கருமையான விளிம்புகளையே தூசியென்று எண்ணி அழிக்கும். தோட்டப் பெயர்ப்பலகையின் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால், சிலைடைத் திருப்பி வையுங்கள். முதலில் தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், பிறகே அளவு சிறிதான ஜேபெக் கோப்பாக. அட்டைச் சட்டத்தில் படம் கழுவிய மாதமும் ஆண்டும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அதையே கோப்பின் பெயராக்கலாம். சட்டத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்!

ஊர் நூலகத்தில் இத்தகைய ஸ்கேனர் ஒன்று வைத்தால் பல குடும்பங்கள் பயன்பெறும்.

வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்