என்னை வாசிக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் என் முதுகலை ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். நன்றி சொல்ல அதில் அரைப் பக்கம்தான் இடம், அதுவும் ஆங்கிலத்தில். பெரியம்மாவால் அதைப் படிக்க முடியாது. அதனால்தான் தமிழில் இந்த மடல்.

எனக்கு வாசிப்பு ஒட்டாது என்பது மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், மாலையில் தமிழ் வகுப்பு. எதை வாசித்தாலும் பரீட்சைக்காகத்தான். திக்கித் திக்கி வாசித்தேன் என்று ஓர் ஆசிரியர் பாடம் முடியும்வரை என்னை நிற்க வைத்தார். அப்புறம் பல வருடங்களுக்குப் புத்தகத்தைத் திறந்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். தாத்தா மட்டும் விடவில்லை. நம் ரூபாய்த் தாளில் இருக்கும் தமிழ் எழுத்தைக் காட்டி, "இதையாவது சொல்லும்மா" என்பார். ஆய்வு முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. முதல் நன்றி அவருக்கு.

1834 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்களில் தமிழர்களின் பெயர்கள் பதிவேடுகளில் எப்படி எழுதப்பட்டன என்பதுதான் என் தலைப்பு. பெயர்ப் பட்டியல்தானே, வாசிக்க அதிகம் இருக்காது என்று நம்பித்தான் அதை எடுத்தேன்.

மோக்கா ஆவணக் காப்பகத்தில் எனக்கு உதவிய அக்கா, அந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விழித்தேன். ஒன்றும் புரியவில்லை. நீங்கள் வந்து, "கண்ணால் படிக்காதே, வாய்விட்டுச் சொல்லு" என்றீர்கள். சொன்னேன். 'ஆர்மூகும்' என்று எழுதியிருந்தவர் ஆறுமுகமாக எழுந்து நின்றார். 'சினதாம்பூ' சின்னத்தம்பியானார். எழுத்தர் தன் காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில் எழுதிவிட்டுப் போனார். ஒரே ஆளின் பெயர் அப்பன் பெயராகிப் பேரன்களுக்குக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. என்னோடு படித்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் எல்லோரும் அந்தப் பெயர்களோடுதான் நடமாடுகிறார்கள். நான் திக்கித் திக்கி, எழுத்தெழுத்தாகச் சொன்னதால்தான் அந்தப் பெயர்கள் பிடிபட்டன. வேகமாக வாசிக்கிறவருக்கு அவை தப்பிப் போயிருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன் அக்கா.

ஐயா, நீங்கள் என் நெறியாளர். மற்றவர்களுக்கு நாற்பது கட்டுரை கொடுத்தபோது எனக்கு ஒன்றே ஒன்றைக் கொடுத்தீர்கள். முதலில் முடிவுரை, அப்புறம் முன்னுரை, நடுப்பகுதி கடைசியில். ஒரு கட்டுரைக்கு ஓர் அட்டை, அதில் மூன்று கேள்வி: இவர் என்ன கேட்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், எனக்கு எங்கே ஒப்பவில்லை. மூன்றாவதுக்குப் பதில் எழுத முடியாவிட்டால் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். பல வாரம் அந்த இடம் காலியாகவே இருந்தது. ஒரு நாள் எழுத ஆரம்பித்தேன், அட்டையின் பின்பக்கம் வரை ஓடியது. நீங்கள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டுரையை நீட்டினீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பெரியம்மா, உங்களுக்குச் சொல்லத்தான் அதிகம் இருக்கிறது. 1871இல் அடோல்ஃப் டி பிளேவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகியின் துணையோடு, ஒப்பந்தக் காலம் முடிந்த பழைய தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்லி ஒரு மனுக் கொடுத்தார்கள். அதில் 9,401 கையொப்பங்கள். அதற்குப் பிறகுதான் விசாரணைக் குழு வந்தது, 1875இல் அதன் அறிக்கையும் வந்தது. அந்தக் கனத்த அறிக்கையைச் சனிக்கிழமைதோறும் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து வாசித்துத் தமிழும் கிரியோலுமாகச் சொன்னேன். பருப்பு வெந்துகொண்டிருக்கும், நீங்கள் கரண்டியை வைத்துவிட்டுக் கேள்வி கேட்பீர்கள்.

1867 சட்டப்படி பழைய தொழிலாளர்கள் படம் ஒட்டிய சீட்டு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று சொன்னேன். "சரி, சீட்டு தொலைஞ்சுபோனா?" என்றீர்கள். அந்தப் பகுதியை நான் தாண்டிவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தேன். காசு கட்டித்தான் மறுபடி வாங்க வேண்டுமாம். "கரும்பு வெட்டுறவன் கையில ஏது காசு?" என்று கேட்டுவிட்டு நீங்கள் வெகுநேரம் பேசவில்லை. என் மூன்றாம் அத்தியாயம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. அதை ஆய்வேட்டில் எழுத வழி தெரியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மழையில் என்னை மோக்காவுக்குக் கூட்டிப்போன தம்பிக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட என் கணவருக்கும் மாமியாருக்கும் மனமார்ந்த நன்றி.

பெரியம்மா, அறிக்கையில் மருத்துவமனைகளைப் பற்றிய பகுதியை நாம் இன்னும் முடிக்கவில்லை. ஆய்வுக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் வரும் சனிக்கிழமை வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்